நாற்பத்தேழு பல்லும் பத்துப் பல்லும்

கொட்டாவையில் ஏறி, தெற்கு அதிவேக நெடுஞ்சாலை வழியே காலிக்குப் போயிருக்கிறீர்களா? அடுத்த முறை போகும்போது சாலையின் இடது ஓரத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். கார்களும் வேன்களும் மணிக்கு 100 கிலோமீற்றரில் பறக்கும்போது, பெட்டி மாதிரி உருவமுள்ள ஒரு பழைய டீசல் பிக்கப் 75, 80இல் போய்க்கொண்டிருக்கும். எல்லோரும் அதைத் தாண்டிப் போவார்கள். சாரதி அதைப் பற்றிக் கவலைப்படவே மாட்டார். வண்டி பழுதா? சாரதிக்குப் பயமா? இரண்டும் இல்லை. அந்த வண்டிக்கு ஏற்ற வேகம் அதுதான். அதை முடிவுசெய்தது சாரதியின் கால் அல்ல. வண்டியின் அடிவயிற்றில், எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும் சில இரும்புப் பற்கள்தான் அதை முடிவுசெய்தன. இந்த மாதம் அந்தப் பற்களை எண்ணப் போகிறோம், தம்பி தங்கைகளே. கொப்பியும் பென்சிலும் பக்கத்தில் இருக்கட்டும்.

அந்தப் பிக்கப்பின் கதை பட்டாளத்தில் தொடங்குகிறது. கொழும்பில் எங்கள் கொம்பனித்தெருவுக்கும் பட்டாளத்துக்கும் உள்ள உறவு பழையது. ஆங்கிலேயர் காலத்தில் இலங்கை ரைபிள் படைப்பிரிவின் மலாய்ச் சிப்பாய்கள் குடும்பம் குடும்பமாக இங்கே இருந்தார்கள். அந்தப் படைப்பிரிவு 1873இல் கலைக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் ரைபிள் வீதியும் மலே வீதியும் இன்றும் இருக்கின்றன. பிற்காலத்தில் விமானப்படைத் தலைமையகமும் நெடுங்காலம் இங்கேதான், சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தையில் இருந்தது. பட்டாள வண்டிகள் போவதும் வருவதும் இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்குப் பழகிப்போன காட்சி.

அந்த வண்டிகளில் முக்கியமானது லேண்ட் ரோவர். 1948 ஏப்ரல் 30ஆம் திகதி, நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் அது முதன்முதலாக உலகத்துக்குக் காட்டப்பட்டது. அடுத்த ஆண்டு, 1949 ஒக்டோபர் 10ஆம் திகதி, இலங்கை இராணுவம் உருவானது. அதன்பிறகு பல தசாப்தங்கள் லேண்ட் ரோவர் இங்கே சேற்றிலும் மணலிலும் காட்டிலும் உழைத்தது. வயதான பட்டாள வண்டிகளை ஏலத்தில் விற்பார்கள். வாங்குகிறவர்கள் பெயின்ட் மாற்றி, சாமான் ஏற்றும் பிக்கப்பாக ஓட்டுவார்கள். உதிரிப்பாகம் வேண்டுமென்றால் பஞ்சிகாவத்தைக்குப் போக வேண்டும். கொம்பனித்தெருவிலிருந்து அது தூரமே இல்லை.

அப்படி ஒரு பிக்கப்பை வொக்ஸோல் வீதிப் பக்கத்துச் சந்து ஒன்றிலுள்ள கராஜில் கிட்ட நின்று பார்த்தேன். மூன்றாம் வரிசை லேண்ட் ரோவர். இந்த வரிசை 1971 முதல் 1985 வரை செய்யப்பட்டது. வெளியே வெள்ளைப் பெயின்ட். கதவைத் திறந்தால் கீல் இருக்கும் மூலையில் பட்டாளப் பச்சை அப்படியே இருந்தது. உள்ளே நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின், 2,286 கன சென்ரிமீற்றர். கராஜ்கார நானா வண்டிக்கு அடியில் கிடந்தார். பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் குனிந்து அவரிடம் கேட்டான்.

“நானா, இதுல ஹைவேயில நூறுல போகலாமா?”

“போகலாம் மகன். ஆனா ஒருக்காத்தான் போகலாம்!”

நானா சிரித்துக்கொண்டு வெளியே வந்தார். பையன் விடவில்லை. ஏன் என்று கேட்டான். அதற்கு அவர் வாயால் பதில் சொல்லாமல், வெண்கட்டி ஒன்றை எடுத்தார். அடுத்து அவர் செய்து காட்டியதுதான் இந்தக் கட்டுரையின் உயிர். ஆகவே அதை விபரமாகவே சொல்கிறேன்.

பின் சக்கரம் ஒன்றைத் தவிர மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைத்தார். இது மிக முக்கியம். ஏனென்றால் லேண்ட் ரோவரின் கைப் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. எஞ்சினிலிருந்து பின்னால் போகும் நீளமான தண்டைத்தான் பிடிக்கும். அந்தத் தண்டு சுழல வேண்டுமென்றால் கைப் பிரேக்கை விட்டே ஆக வேண்டும். கட்டை இல்லாவிட்டால் வண்டி உருண்டுவிடும். கட்டை வைத்தபின் கியரை நியூட்ரலில் போட்டு, அந்த ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜக் வைத்துத் தூக்கினார். டயரில் வெண்கட்டியால் ஒரு கோடு. தண்டிலும் ஒரு கோடு. சக்கரத்தைக் கையால் சுற்றினார். பையன் தண்டின் கோட்டைப் பார்த்து எண்ணினான்.

சக்கரம் சரியாக இரண்டு சுற்று. தண்டு நான்கு சுற்று முடித்து, ஐந்தாவது சுற்றில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைய வந்து நின்றது. அதாவது 4.7.

ஏன் இரண்டு சுற்று? இரண்டு பின் சக்கரங்களுக்கும் நடுவில் பூசணிக்காய் அளவில் ஓர் இரும்புப் பெட்டி தொங்கும். கராஜில் அதை டிஃப் என்பார்கள். வளைவில் திரும்பும்போது ஒரு சக்கரம் வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுற்ற விடுவது அதன் வேலைகளில் ஒன்று. ஒரு சக்கரம் தரையில் அசையாமல் நிற்க, மற்றதை மட்டும் நாம் சுற்றினால், உள்ளே இருக்கும் பெரிய பற்சக்கரம் பாதிச் சுற்றுத்தான் சுற்றும். ஆகவே நாம் இரண்டு தடவை சுற்றினால் அது ஒரு தடவை சுற்றும். வண்டி நேராக ஓடும்போது இந்தப் பாதிக் கணக்கு இல்லை. சக்கரங்கள் ஒரு சுற்று, தண்டு 4.7 சுற்று. (இதை வீட்டில் நீங்களாகச் செய்து பார்க்கக் கூடாது. ஜக்கில் நிற்கும் வண்டி விழுந்தால் யாராலும் பிடிக்க முடியாது.)

4.7 எங்கிருந்து வந்தது? டிஃபைத் திறந்தால் தெரியும். தண்டின் நுனியில் சின்னப் பற்சக்கரம். அதற்குப் பினியன் என்று பெயர். பத்துப் பற்கள். அது பெரிய பற்சக்கரமான க்ரவுன் வீலைச் சுற்றுகிறது. அதற்கு நாற்பத்தேழு பற்கள். 47ஐ 10ஆல் வகுத்தால் 4.7.

இதில் ஓர் அழகான கணக்கு ஒளிந்திருக்கிறது. கணிதப் பாடத்தில் பொ.ம.சி., அதாவது பொது மடங்குகளுட் சிறியது படித்திருப்பீர்கள். ‘இதெல்லாம் எதற்கு?’ என்று நினைத்தவர்கள் இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள். பற்களை 40க்கு 10 என்று வைத்திருந்தால் கணக்கு எளிது, விகிதம் சரியாக 4. ஆனால் அப்போது பினியனின் ஒவ்வொரு பல்லும் பெரிய சக்கரத்தின் அதே நான்கு பற்களைத்தான் ஆயுள் முழுக்கத் தொடும். ஒரு பல்லில் சின்ன வெடிப்போ மேடோ இருந்தால், அதே நான்கு பற்களையும் திரும்பத் திரும்ப அடித்துத் தேய்த்துவிடும். 47க்கும் 10க்கும் 1ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லை. அவற்றின் பொ.ம.சி. 470. ஆகவே ஒரு பல் தான் தொட்ட பல்லை மறுபடி தொடுவதற்கு முன் மற்ற 46 பற்களையும் தொட்டுவிட்டு வர வேண்டும். தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் சமமாகப் பகிரப்படுகிறது. 47 ஒரு முதன்மை எண். அதைத் தேர்ந்தெடுத்த பொறியியலாளர் காரணத்தோடுதான் தேர்ந்தெடுத்தார்.

இனி வேகத்துக்கு வருவோம். எஞ்சினுக்கும் டிஃபுக்கும் நடுவில் இன்னும் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. ஒன்று கியர் பெட்டி. அதில் நான்கு கியர். உச்ச கியரில் எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றினால் வெளியேயும் ஒரு சுற்று. அதற்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் பெட்டி. முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் பலத்தைப் பிரித்துக் கொடுப்பது அது. சாதாரண ஓட்டத்தில் அதன் விகிதம் ஏறத்தாழ 1.15. 4.7ஐ 1.15ஆல் பெருக்குங்கள். 5.4 வரும். உச்ச கியரிலும் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, எஞ்சின் 5.4 சுற்றுச் சுற்ற வேண்டும்.

அந்த டயரின் சுற்றளவு சுமார் 2.5 மீற்றர். ஒரு கிலோமீற்றர் போகச் சக்கரம் 400 தடவை சுற்றும். எஞ்சின் 400 × 5.4 = 2,160 தடவை சுற்றும். மணிக்கு 100 கிலோமீற்றர் என்றால் ஒரு மணித்தியாலத்துக்கு 2,16,000 சுற்று. 60ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 3,600. அந்த எஞ்சின் தன் உச்ச வலுவான 62 குதிரை வலுவைக் கொடுப்பது நிமிடத்துக்கு 4,000 சுற்றில். ஆக, 100இல் போவதென்றால் எஞ்சின் தன் எல்லையின் பத்தில் ஒன்பது பங்கைத் தொட்டுக்கொண்டே மணிக்கணக்கில் ஓட வேண்டும். 80இல் அது 2,880 ஆகக் குறைகிறது. 50இல் 1,800.

இந்த 1,800ஐ நினைவில் வையுங்கள். அந்த எஞ்சின் மிகப் பெரிய முறுக்கு விசையைக் கொடுப்பது இந்தச் சுழற்சியில்தான். வேகமாக ஓடுவதற்கு அல்ல, பாரம் இழுப்பதற்குச் செய்த எஞ்சின் என்று இந்த ஒரு எண்ணே சொல்லிவிடும்.

ஏன் இப்படிச் செய்தார்கள்? சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு இது உடனே விளங்கும். கியர் உள்ள சைக்கிளில் மேட்டில் ஏறும்போது லேசான கியரைப் போடுவீர்கள். கால் வேகமாகச் சுற்றும், சைக்கிள் மெதுவாகப் போகும், ஆனால் மேடு ஏறிவிடும். சமதரைக்கு வந்ததும் பாரமான கியருக்கு மாற்றுவீர்கள். லேசான கியரிலேயே சமதரையில் வேகமாகப் போகப் பார்த்தால் கால் பம்பரமாகச் சுற்றுமே தவிர, சைக்கிள் அவ்வளவாக முன்னேறாது. பழைய பட்டாள வண்டியின் டிஃபில் மேடு ஏறும் கியரை நிரந்தரமாகப் பூட்டி வைத்திருக்கிறார்கள். பட்டாளத்துக்குத் தேவை அதுதான். மாரியில் வன்னிச் சேற்றில் ஆட்களோடும் மூட்டைகளோடும் சிக்கிய வண்டி வெளியே வர வேண்டும். அந்த இடத்தில் 100 கிலோமீற்றர் வேகத்தால் ஒரு பயனும் இல்லை.

எவ்வளவு மெதுவாகப் போக முடியும் என்பதும் ஒரு திறமைதான். லேண்ட் ரோவரின் பிற்கால மாதிரியான டிஃபெண்டரை எடுத்துக்கொள்வோம். இலங்கை இராணுவம் அதிகம் பயன்படுத்திய வண்டி அது. அதன் டிரான்ஸ்ஃபர் பெட்டியில் ‘லோ’ என்று ஒரு நிலை உண்டு. லோவில் போட்டு, முதலாம் கியரையும் போட்டால், எஞ்சின் 43 சுற்றுச் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். எஞ்சின் நிமிடத்துக்கு 1,000 சுற்றில் ஓடும்போது வண்டி மணிக்கு மூன்றரைக் கிலோமீற்றர்தான் போகும். நீங்கள் பாடசாலைக்கு நடந்து போகும் வேகத்தைவிடக் குறைவு. அந்த வேகத்தில் அது கல்லையும் மரவேரையும் நிதானமாக ஏறிக் கடக்கும்.

‘சரி, எஞ்சினை இன்னும் வேகமாகச் சுற்ற விட்டால் என்ன? பெற்றோல் கார்கள் 6,000 சுற்றுக்கூடப் போகின்றனவே?’ நல்ல கேள்வி. டீசல் எஞ்சினின் குணம் வேறு.

ருடோல்ஃப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியியலாளர், ஆக்ஸ்பர்க் நகரத்தில் 1897இல் தன் எஞ்சினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். அதில் தீப்பொறி போடும் பிளக் கிடையாது. காற்றை மட்டும் உள்ளே இழுத்து, பிஸ்டனால் பலமாக நெருக்க வேண்டும். நாம் பார்த்த லேண்ட் ரோவர் எஞ்சினில் காற்று 23இல் ஒரு பங்காக நெருக்கப்படுகிறது. சைக்கிளுக்குக் காற்று அடித்து முடித்ததும் பம்பின் அடிப்பக்கம் சுடும், தொட்டுப் பார்த்திருப்பீர்கள். எஞ்சினுக்குள் அந்தச் சூடு 500 பாகை செல்சியஸைத் தாண்டும். அந்த நேரம் பார்த்து டீசலைச் சிறு துளிகளாக உள்ளே பீச்சினால் அது தானாகவே பற்றிக்கொள்ளும்.

ஆனால் பற்றிக்கொள்வதற்கு நேரம் வேண்டும். துளி ஆவியாக வேண்டும், காற்றோடு கலக்க வேண்டும், பிறகு எரிய வேண்டும். பெற்றோல் எஞ்சினில் கலக்கும் வேலை முன்கூட்டியே நடந்துவிடும். பழைய டீசலில் எல்லாமே கடைசி நொடிப்பொழுதில் நடக்க வேண்டும். நிமிடத்துக்கு 1,800 சுற்று என்றால் பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்க ஆயிரத்தில் 17 பங்கு செக்கன் கிடைக்கும். 3,600 சுற்றில் அது பாதியாகிவிடும். நேரம் போதாவிட்டால் டீசல் முழுதாக எரியாது. எரியாத கரிதான் பின்னால் கறுப்புப் புகையாக வருகிறது. கறுப்புப் புகை கக்கும் வண்டியைப் பார்த்தால், நாம் காசு கொடுத்து வாங்கிய எண்ணெயின் ஒரு பகுதி வேலை செய்யாமலே வெளியேறுகிறது என்று அறிந்துகொள்ளுங்கள். நம் மூச்சுக்கும் அது கெடுதி.

அதோடு, அவ்வளவு நெருக்கத்தைத் தாங்க டீசல் எஞ்சினின் உறுப்புகள் தடிப்பாகவும் பாரமாகவும் இருக்க வேண்டும். 3,600 சுற்றில் ஒவ்வொரு பிஸ்டனும் ஒரு செக்கனுக்கு 120 தடவை முழுதாக நின்று, திசை மாறி ஓடுகிறது. பாரமான பொருளை அவ்வளவு தடவை நிறுத்தித் திருப்புவது கடினம்.

இந்த இடத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு கணக்கைச் சொல்கிறேன். கொட்டாவையிலிருந்து காலிக்கு அருகிலுள்ள பின்னதூவ வரையான பகுதிதான் 2011 நவம்பர் 27ஆம் திகதி முதலில் திறக்கப்பட்ட அதிவேக நெடுஞ்சாலை. சுமார் 96 கிலோமீற்றர். இந்தத் தூரத்தை 80இல் ஓடினால் எஞ்சின் எத்தனை தடவை சுற்றும்? 100இல் ஓடினால் எத்தனை? வாசிப்பதை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் போட்டுப் பாருங்கள்.

80இல் 72 நிமிடம், நிமிடத்துக்கு 2,880. பெருக்கினால் 2,07,360. 100இல் 57.6 நிமிடம், நிமிடத்துக்கு 3,600. பெருக்கினால் அதே 2,07,360!

ஆச்சரியப்பட வேண்டாம். பற்கள் மாறவில்லை, தூரம் மாறவில்லை. ஆகவே மொத்தச் சுற்றும் மாறாது. அப்படியானால் வேகமாகப் போனால் எஞ்சினுக்கு என்ன நட்டம்? சுற்றுகளின் எண்ணிக்கை ஒன்றுதான், ஒவ்வொரு சுற்றும் தரும் அடி ஒன்றல்ல. பிஸ்டனை நிறுத்தித் திருப்பும் விசை, சுழற்சி வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 3,600ஐ 2,880ஆல் வகுத்தால் 1.25. அதன் வர்க்கம் 1.56. ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றரை மடங்குக்கு மேல் விசை. அதுவும் இரண்டு இலட்சம் தடவைக்கு மேல். நானா சொன்ன “ஒருக்காத்தான்” என்பதன் பொருள் இப்போது விளங்கும். வண்டி ஒரு பயணத்தில் உடைந்துவிடும் என்று அவர் சொல்லவில்லை. தினமும் அப்படி ஓட்டினால் ஆயுள் வேகமாகக் கரையும் என்பதைத்தான் தன் பாணியில் சொன்னார்.

இன்னும் ஓர் எதிரி இருக்கிறது, காற்று. லேண்ட் ரோவரின் முன்பக்கம் சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும். காற்று வழுக்கிப் போக வழியில்லை. காற்றுத் தடையும் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும், 80க்கும் 100க்கும் இடையில் அதே 1.56 மடங்கு. இத்தோடு முடியவில்லை. அந்தத் தடையை வேகமாகத் தள்ளிக்கொண்டும் போக வேண்டும். ஆகவே காற்றை மட்டும் வெல்லத் தேவைப்படும் வலு 1.25இன் மூன்றாம் அடுக்கில் கூடும், 1.95 மடங்கு. வேகம் கால் பங்கு கூட, வலு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது! 62 குதிரை வலு எஞ்சின் அதற்கு எங்கே போகும்? எண்ணெய்தான் கரையும். இத்தனையும் செய்து மிச்சம் பிடிக்கும் நேரம் எவ்வளவு? 72 நிமிடத்துக்கும் 57.6 நிமிடத்துக்கும் உள்ள வித்தியாசம், கால் மணித்தியாலம்கூட இல்லை.

இந்தச் சிக்கலுக்கு மருந்தே இல்லையா? உண்டு. மூன்றாம் வரிசை வண்டிகளுக்கு ‘ஓவர்டிரைவ்’ என்று ஒரு சின்னக் கியர் பெட்டி வந்தது. பிரிட்டனின் ஃபெயரி நிறுவனம் செய்தது பிரபலம். டிரான்ஸ்ஃபர் பெட்டியின் பின்னால் பூட்டிவிட்டால், அதே வேகத்துக்கு எஞ்சினின் சுற்று ஐந்தில் ஒன்றுக்கு மேல் குறையும். 100இல் 3,600 சுற்றியது சுமார் 2,800க்கு வரும். எஞ்சினின் காதடைக்கும் சத்தம் தணியும். ஆனால் காற்று தன் பங்கைக் குறைத்துக்கொள்ளாது. எதிர்க்காற்றோ ஏற்றமோ வந்தால் வலு போதாமல் ஓவர்டிரைவை எடுத்துவிட வேண்டியிருக்கும். பெரிய டயர் போடுவது, டிஃபின் பற்களையே மாற்றுவது என்று வேறு வழிகளும் உண்டு. இந்த இரண்டில் எதைச் செய்தாலும் சேற்றில் இழுக்கும் பலத்தில் கொஞ்சத்தைக் கொடுத்துத்தான் சாலை வேகத்தை வாங்க வேண்டும். இரண்டையும் முழுதாக வைத்திருக்க முடியாது.

டிஃபெண்டர் இந்தப் பேரத்தை இன்னும் கெட்டித்தனமாக முடித்தது. 1990களின் நடுப்பகுதியில் வந்த 300 டிடிஐ எஞ்சினில் டர்போ இருந்தது. வெளியேறும் புகையின் விசையாலேயே ஒரு விசிறியைச் சுற்றி, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி அது. கூடுதல் காற்று என்றால் கூடுதல் டீசலை முழுதாக எரிக்கலாம். 2.5 லீற்றர் எஞ்சினிலிருந்து 111 குதிரை வலு வந்தது. கியர் ஐந்து. ஐந்தாவது கியரே ஓவர்டிரைவ்தான், எஞ்சின் 0.77 சுற்றுச் சுற்றினால் வெளியே ஒரு சுற்று. டிஃபில் 46க்கு 13 பல், விகிதம் 3.54. (46க்கும் 13க்கும் பொதுக் காரணி உண்டா என்று நீங்களே பாருங்கள்.) டிரான்ஸ்ஃபர் பெட்டியின் விகிதத்தையும் சேர்த்து எல்லாவற்றையும் பெருக்கினால் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு எஞ்சின் 3.84 சுற்று. 100இல் நிமிடத்துக்கு சுமார் 2,560. உச்ச முறுக்கு விசை வரும் 1,800 சுற்றில் அதன் வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர். நம் நாட்டில் ஊருக்கு வெளியே சாதாரண வீதிகளில் கார்களுக்கு அனுமதித்த வேகமும் 70தான்.

கடல் கடந்தும் இதே கதை நடந்தது. அமெரிக்க இராணுவம் 1984 முதல் 1987 வரை செவ்ரோலே நிறுவனத்திடமிருந்து டீசல் பிக்கப்புகளை வாங்கியது. எம்1008 என்று பெயர். 6.2 லீற்றர், எட்டு சிலிண்டர். நம் மூன்றாம் வரிசை லேண்ட் ரோவர் எஞ்சினைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் பெரியது. ஆனால் கியர் மூன்றுதான், ஓவர்டிரைவ் கிடையாது. டிஃபில் 41க்கு 9 பல், விகிதம் 4.56. ஆகவே 100இல் எஞ்சின் நிமிடத்துக்கு சுமார் 3,000 சுற்றுச் சுற்றும். அதே எஞ்சினையும் அதே கியர் பெட்டியையும் பூட்டிய எம்1009 என்ற இன்னொரு வண்டிக்கு டிஃப் விகிதம் 3.08. பாரம் ஏற்றாமல் ஆட்களைக் கொண்டுபோவது அதன் வேலை. 100இல் அதன் எஞ்சின் சுமார் 2,100தான் சுற்றும். இரண்டுக்கும் எஞ்சின் ஒன்று, கியர் ஒன்று. டிஃபின் பற்களால்தான் ஒன்று பாரம் இழுக்கும் வண்டியாகவும் மற்றது நெடுஞ்சாலை வண்டியாகவும் ஆனது.

அமெரிக்கர்கள் தவறு செய்துவிட்டார்களா? இல்லை. 1973இல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தபின், 1974 தொடக்கம் அந்த நாட்டில் எந்த நெடுஞ்சாலையிலும் மணிக்கு 55 மைலுக்கு மேல் போகக் கூடாது என்று சட்டம் இருந்தது. 55 மைல் என்றால் சுமார் 88 கிலோமீற்றர். 1987இல்தான் அது தளர்ந்தது. எம்1008 பிறந்தபோது அதைவிட வேகமாகப் போகும் தேவையே இல்லை. நம் மூன்றாம் வரிசை லேண்ட் ரோவருக்கும் இது பொருந்தும். அது செய்யப்பட்ட காலத்தில் இலங்கையில் அதிவேக நெடுஞ்சாலை என்று ஒன்றே கிடையாது. காலி வீதியிலும் கண்டி வீதியிலும் 50, 60இல் போவதற்கு அந்தப் பற்கள் மிகச் சரியானவை. வண்டியில் குறையில்லை. சாலைகள்தான் மாறிவிட்டன.

பிரேக்கையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். ஒரு வண்டி 80இல் வரும்போது பிரேக் பிடித்து 40 மீற்றரில் நிற்குமானால், அதே பிரேக்குடன் 100இல் நிற்க 62 மீற்றருக்கு மேல் வேண்டும். இங்கேயும் அதே 1.56தான். பழைய வண்டியில் பிரேக்கும் பழையது என்பதை நல்ல சாரதி மறக்கமாட்டார்.

ஆகவே நெடுஞ்சாலையில் இடது ஓரமாக 80இல் போகும் பழைய பிக்கப்பைக் கண்டால், பின்னால் நின்று ஹோர்ன் அடிக்க வேண்டாம் என்று அப்பாவிடமோ மாமாவிடமோ சொல்லுங்கள். அந்தச் சாரதி தன் எஞ்சினின் கணக்கை அறிந்தவர். வலப்பக்கம் இடமிருந்தால் தாண்டிப் போகலாம்.

உங்களுக்கும் ஒரு வேலை தருகிறேன். உங்கள் சைக்கிளின் மிதிபலகைப் பக்கத்துப் பற்களையும் பின் சக்கரத்துப் பற்களையும் எண்ணுங்கள். முன்னால் 44, பின்னால் 22 என்றால் ஒரு மிதிச் சுற்றுக்குச் சக்கரம் இரண்டு சுற்று. பின் டயரின் சுற்றளவை நூலால் அளந்துகொள்ளுங்கள். ஒரு கிலோமீற்றர் போக எத்தனை தடவை மிதிக்க வேண்டும் என்று கணக்கிட்டு, பெயரும் வகுப்பும் குறிப்பிட்டு எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.